செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டேன், நித்திரை வருகிறது. இது சுயநலமா?

உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. தரம் 10, 11 பிள்ளைகளுக்கு வரலாறும் குடியியலும் படிப்பிக்கிறார். கணவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் மெல்பேர்னில் இருக்கிறார். குச்சவெளிப் பக்கம் தகப்பன் பெயரில் கொஞ்சக் காணி இருக்கிறது, இன்னும் பிரிக்கவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வெள்ளம் வந்தபோது இவருடைய தங்கை குடும்பம் மூதூர்ப் பக்கம் அகப்பட்டுக்கொண்டது. இரண்டு நாள் தொடர்பே இல்லை. அந்த இரண்டு நாளும் ரிவி, பேஸ்புக், வாட்ஸ்அப் என்று ஒன்றும் விடாமல் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள், சனங்கள் தங்கியிருந்த பாடசாலையிலிருந்து யாருடையதோ போனில் தங்கை கதைத்துவிட்டார். எல்லாரும் சுகம். ஆனால் இவரால் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை. மூதூர் வெள்ளம் வடிந்தபிறகு மலையகத்து மண்சரிவுகள். அவருடைய வார்த்தையிலேயே தருகிறேன்: "நுளம்பு வலைக்குள்ள போன் வெளிச்சத்தைக் குறைச்சு வைச்சுக்கொண்டு விடிய ரெண்டு மணி, மூண்டு மணி வரைக்கும் பாத்துக்கொண்டு கிடப்பன். ஒரே வீடியோ திரும்பத் திரும்ப வரும். கூரையில நிண்டு கையைக் காட்டுற ஒரு மனுசன். அவரை ஆரும் காப்பாத்தினவையோ எண்டு தேடுவன். கடைசி வரைக்கும் தெரியாது."

பொங்கல் முடிந்த கையோடு ஒருநாள் பேஸ்புக்கை அழித்தார். எல்லாக் குழுக்களிலிருந்தும் விலகினார். ரிவிச் செய்தி நேரத்தில் அடுப்படிக்குப் போய்விடுகிறார். பத்திரிகை வாங்குவதில்லை. நித்திரை திரும்பி வந்துவிட்டது, தலையிடி குறைந்துவிட்டது, வகுப்பில் பொறுமை கூடியிருக்கிறதாம். ஆனால் வீட்டில் சண்டை. "நாட்டில என்ன நடக்குதெண்டு தெரியாம இருக்கிறது படிச்ச மனுசிக்கு அழகே?" என்று கணவர் கேட்கிறார். மகள் அனுப்பும் லிங்குகளை இவர் திறப்பதில்லை, மகளுக்குக் கோபம். கூடப் படிப்பித்த ஒருவருடைய தாயார் செத்த வீட்டுக்கு இவர் மட்டும் போகவில்லை. அந்தியேட்டிக் கார்ட் வந்தபோதுதான் விஷயமே தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை ஏதோ நாட்டு நடப்பைக் கேட்டு, "எனக்குத் தெரியாது பிள்ளை" என்று சொல்லவேண்டி வந்தது. கடைசியில் கேட்கிறார்: "எங்கட சனத்துக்கு நடக்கிறதைப் பாராமல் நான் மட்டும் நிம்மதியா இருக்கிறது சுயநலமா? இல்லாட்டி இது ஏதும் மன வருத்தமா?"

ரீச்சர், முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. இரண்டாவது கேள்விக்கு ஆம், இல்லை என்று உடனே சொல்லமாட்டேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஓரத்தில் சின்ன எழுத்தில் நீங்கள் எழுதியிருக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் வயதில் திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குச் செய்தி என்பது பொழுதுபோக்கும் இல்லை, பொது அறிவும் இல்லை. அடுத்த நாளைக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வழி அது. நாளைக்குக் கடை திறக்குமா, மூதூர் லோஞ்ச் ஓடுமா, கந்தளாய் றோட்டால் போகலாமா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா. 2005இல் சந்தையடிப் புத்தர் சிலைப் பிரச்சினையும் கடையடைப்பும் நடந்த நாட்களில், 2006இல் மாவிலாறு அணைக்கட்டுச் சண்டை தொடங்கிய பிறகு, இரவுச் செய்தி கேட்காமல் படுத்த வீடு இந்த ஊரில் எத்தனை இருந்திருக்கும்? கேட்டால் உயிர் தப்பலாம் என்று உங்கள் உடம்பு அன்றைக்குப் படித்துக்கொண்டது. தப்பாகப் படிக்கவில்லை. அன்றைக்கு அதுதான் சரி.

அந்தப் பாடத்தை இன்றைக்கு ஒரு போன் பாவித்துக்கொள்கிறது, அதுதான் சிக்கல். அன்று ரேடியோ பதினைந்து நிமிடம் கதைத்துவிட்டு ஓய்ந்துவிடும். கேட்டபிறகு செய்வதற்கு ஏதாவது ஒன்று இருக்கும்: அரிசி வாங்கி வைப்பது, ஊர் மாறுவது, குறைந்தது கதவைப் பூட்டுவது. பதுளையில் ஒரு மலை சரிவதை உப்புவெளியில் கிடந்து விடிய மூன்று மணிக்குப் பார்க்கும்போது நீங்கள் செய்வதற்கு என்ன இருக்கிறது? உடம்பு மட்டும் ஓடத் தயாராகி, ஓட இடமில்லாமல் படுக்கையிலேயே கிடக்கிறது. டித்வாவில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்காகத் துக்கப்படுவது மனிதத் தன்மை. அதை ஒவ்வொரு இரவும் புதிதாகப் பார்த்தால்தான் துக்கம் உண்மையானது என்று யாரும் சட்டம் போடவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்பட்ட செய்தி ஒன்றே ஒன்றுதான்: தங்கை உயிரோடு இருக்கிறாளா? அது எந்தச் சனலிலும் வரவில்லை. ஆரோ ஒருவர் தன் போனைக் கொடுத்ததால் வந்தது. அந்த அழைப்பு வந்த நிமிடத்தில் உங்கள் தேடல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் அது பழக்கமாகிவிட்டது.

இது உங்கள் பலவீனமும் இல்லை. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்டன் மரதனில் குண்டு வெடித்தது. அதன் பிறகு நடந்த ஓர் ஆய்வில், அடுத்த ஒரு வாரம் நாளுக்கு ஆறு மணித்தியாலமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியைப் பார்த்தவர்களுக்கு, குண்டு வெடித்த இடத்தில் நேரே இருந்தவர்களைவிட மன அழுத்த அறிகுறிகள் அதிகம் இருந்ததாகத் தெரியவந்தது. ஏற்கெனவே பயந்தவர்கள்தான் அதிகம் பார்த்தார்களோ என்ற கேள்வியும் அதில் உண்டு. ஆனாலும் பார்ப்பது பயத்தை ஆற்றவில்லை என்பது தெளிவு. 1997இல் பிரித்தானியாவில் செய்த ஒரு சிறிய பரிசோதனை எனக்கு இன்னும் பிடித்தது. பதினான்கே நிமிடம் கெட்ட செய்திகளை மட்டும் பார்க்க வைத்தார்கள். பார்த்தவர்கள் அந்தச் செய்திகளைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை, செய்தியோடு சம்பந்தமே இல்லாத தங்கள் சொந்த வீட்டுக் கவலைகளையும் பெரிதாக்கத் தொடங்கினார்கள். வகுப்பில் பொறுமை கூடியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்களைப் போல் ஒதுங்குகிறவர்களும் குறைவில்லை. ஆக்ஸ்போர்டில் இருக்கும் ரொய்ட்டர்ஸ் நிறுவகம் வருடா வருடம் பல நாடுகளில் செய்தி வாசகர்களைக் கேட்கிறது. சில வேளையாவது, அல்லது அடிக்கடி, செய்தியை வேண்டுமென்றே தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017இல் 29 வீதம், 2025இல் 40 வீதம். இலங்கை அந்தக் கணக்கில் சேரவில்லை. சேர்த்திருந்தால் 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைக் காலத்தில் நாங்கள் எந்தப் பக்கம் நின்றிருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்போது எந்தப் பெற்றோல் செட்டுக்கு எப்போது பவுசர் வரும் என்று தெரியாமல் ஒருவரும் இருக்க முடியவில்லை.

"முக்கியமெண்டால் ஆராவது சொல்லுவினம்"

கடிதத்தில் இந்த வசனத்தை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில்தான் உங்களோடு உடன்பட முடியவில்லை.

சத்தமான செய்திகள் வந்து சேரும், உண்மைதான். தேர்தல் முடிவு, விலை உயர்வு, எங்கேயாவது குண்டு என்றால், காதைப் பொத்திக்கொண்டு இருந்தாலும் சந்தைக்குப் போனால் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் காலாவதியாகும் விஷயங்களைத்தான் யாரும் சொல்லமாட்டார்கள். 2025 மார்ச் 28ஆம் திகதியிட்டு ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர் காணி சம்பந்தப்பட்டது. உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் கோரவேண்டும், கோராத காணி அரச காணியாகலாம். கடும் எதிர்ப்பு வந்து ஜூன் கடைசியில் அரசாங்கம் அதை மீளப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்த மூன்று மாதத்தை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் இருந்தவர்கள், காணி உறுதி எங்கே என்று தெரியாதவர்கள், உங்களைப் போல் ஒன்றும் பார்க்காமல் நிம்மதியாக இருந்தவர்கள். அது வடக்கு, கிழக்கு இல்லை என்பீர்கள். சரி. ஆனால் குச்சவெளியில் தகப்பன் பெயரில் பிரிக்காத காணி வைத்திருக்கும் ஒருவர், காணி அறிவித்தல்களுக்கும் சேர்த்துக் காதை மூடக்கூடாது. வாக்காளர் இடாப்புத் திருத்தம், வெற்றிடங்களுக்கான விண்ணப்ப முடிவுத் திகதி, ஓய்வூதியச் சுற்றறிக்கை எல்லாம் இந்த வகைதான்.

அடுத்தது எச்சரிக்கை. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் எங்கள் கரையில் கடல் ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அன்றைக்கு எவ்வளவு செய்தி பார்க்கிறவரானாலும் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் சுனாமியை எச்சரிக்கும் அமைப்பு என்று ஒன்றே இந்தச் சமுத்திரத்தில் இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்து, அதற்கென்று ஒரு நிலையமும் வந்தது. 117 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். ஆகவே மாரி காலத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வையுங்கள். ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை ஒரு நாளைக்கு ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை மட்டும் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. 2020 டிசம்பரில் புரவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறியது நினைவிருக்கும். அதுபோன்ற இரவுகளில் உங்கள் போன் அழைப்புக்குத் திறந்திருக்க வேண்டும். வீடியோவுக்குத் திறந்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, மரண அறிவித்தல். வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் பத்திரிகையை எங்கிருந்து திறப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செத்த வீட்டுக்குப் போகாதவரை எங்கள் ஊர் லேசில் மறப்பதில்லை. அந்த ஆசிரியையின் வீட்டுக்கு இன்னும் போகவில்லை என்றால் இந்தக் கிழமையே போங்கள். "எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று மட்டும் சொன்னால் போதும், செய்தி பார்ப்பதில்லை என்ற விளக்கம் அங்கே வேண்டாம். பாடசாலை ஆசிரியர் குழுவிலும் திரும்பச் சேருங்கள். அதில் ஆரோ அனுப்பும் அரசியல் வீடியோக்கள் தானாக இறங்காதபடி வாட்ஸ்அப் அமைப்பில் நிறுத்தி வைக்கலாம். உங்கள் தரம் 11 பிள்ளை ஒன்றிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் செய்து தரும்.

இவருடைய ரேடியோ

"இவர் காலமையும் பின்னேரமும் விறாந்தையில ரேடியோவைப் போட்டுக்கொண்டு உயிரை வாங்கிறார்" என்று கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே, காஸ் விலையும் மழைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பதும் "எப்பிடியோ" தெரிந்துவிடுகிறது என்கிறீர்கள். எப்படியோ இல்லை, ரீச்சர். விறாந்தையில் ஒருவர் உங்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

செய்தியை விட்டவர்கள் அநேகம் பேர் பார்க்கத் தவறும் இடம் இது. நீங்கள் அந்த வேலையை விட்டுவிடவில்லை, இன்னொருவர் தலையில் வைத்திருக்கிறீர்கள். அது தப்பில்லை, குடும்பம் என்றால் வேலையைப் பங்கிடுவதுதான். ஆனால் பங்கிட்டதை இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். இப்போது அவர் கேட்பது குற்றம் மாதிரியும், நீங்கள் கேளாமல் இருப்பது குற்றம் மாதிரியும் வீடு போய்க்கொண்டிருக்கிறது.

என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன், பிழையாகவும் இருக்கலாம். ஓய்வு பெற்ற மனிதர். வேலையிடத்துக் கதை போய்விட்டது, மகள் தூரத்தில். நாட்டு நடப்பைக் கதைத்துத் திட்டித் தீர்ப்பதற்கு அவருக்கு மிஞ்சியிருந்த ஆள் நீங்கள்தான். "படிச்ச மனுசிக்கு அழகே?" என்று அவர் கேட்பதில் கோபத்தைவிடத் தனிமை கூட இருக்கிறதோ என்று எனக்குப் படுகிறது. அவரோடு உட்கார்ந்து இப்படி ஒரு ஏற்பாடு செய்து பாருங்கள். அவர் கேட்கட்டும். உங்களுக்கு மூன்று வகை விஷயத்தை மட்டும் சொல்லட்டும்: காலநிலையும் எச்சரிக்கையும், தெரிந்தவர்களின் மரணம், திகதி போட்டு முடியும் எதுவும். மிச்சத்தை நீங்களாகக் கேட்டால் ஒழியச் சொல்லக்கூடாது. பதிலுக்கு, பின்னேரத் தேத்தண்ணி நேரத்தில் ரேடியோ இல்லாமல் அவரோடு இருந்து வேறு ஏதாவது கதையுங்கள். பழைய துறைமுகக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை, பத்தாவது தடவையாக இருந்தாலும்.

மகளுக்கும் ஒரு வரி எழுதுங்கள். லிங்க் அனுப்பாமல் அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத் திருகோணமலை என்றால் திரையில் வருவதுதான். சந்தியில் ஒரு கூட்டம் கூடிய வீடியோவைப் பார்த்தால் அம்மா வீட்டு வாசலில் கூட்டம் நிற்பதாகவே தோன்றும். அவள் அனுப்பும் ஒவ்வொரு லிங்குக்கும் பின்னால் "அம்மா சுகமா?" என்ற கேள்விதான் இருக்கிறது. அதற்கு லிங்கைத் திறக்காமலே பதில் சொல்லலாம்.

குடியியல் படிப்பிக்கிறவர் செய்தி பார்க்காமல் இருக்கலாமா

இதில் உங்களுக்கு இருக்கும் வெட்கம் தேவையில்லாதது. "எனக்குத் தெரியாது பிள்ளை, அது எங்க வந்தது, ஆர் சொன்னது, நாளைக்கு ரெண்டு பேரும் தேடிப் பாத்துக்கொண்டு வருவம்" என்று முடித்திருந்தால், அந்த மாதத்தில் நீங்கள் நடத்திய மிகச் சிறந்த பாடமாக அது இருந்திருக்கும். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்திக்குக் குறைவில்லை. அதை நிறுத்தி வைத்து விசாரிக்கத் தெரிந்த ஆள்தான் குறைவு.

அன்றாடச் செய்தியைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. 2025 முடியும்போதும் தேர்தல் நடக்கவில்லை. எட்டு வருடத்துக்கு மேல் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாமல் ஒரு மாகாணம் ஓடுகிறது. இது ஒருநாளும் "சற்று முன்" என்று சிவப்பு எழுத்தில் ஓடாது, ஏனென்றால் புதிதாக எதுவும் நடக்கவில்லை. நாளுக்கு மூன்று தடவை செய்தி கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வருடம் சட்டென்று ஞாபகம் வரும்? உங்கள் பாடப் புத்தகத்தோடு சேர்த்து இப்படியான நீண்ட விஷயங்களை மாதத்துக்கு ஒருதடவை, அச்சில், இருந்து வாசித்தால் வகுப்பறைக்கு அது தாராளம்.

உரிமை பற்றியும் கேட்டிருந்தீர்கள். தகவல் பெறும் உரிமை 2015இல் அரசியலமைப்பில் 14அ உறுப்புரையாகச் சேர்ந்தது, அடுத்த வருடம் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இது உங்களுக்குள்ள உரிமை, எல்லாத் தகவலையும் பார்த்தே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை. வாக்களிப்பதே எங்கள் நாட்டில் கட்டாயம் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தைப் பாவித்துப் பார்க்கலாமே. உங்கள் ஒழுங்கை வடிகால் ஏன் இன்னும் துப்புரவாக்கப்படவில்லை என்று கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு எழுதலாம். கூரையில் நின்ற அந்த மனிதருக்கு உங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த மழைக்கு உங்கள் ஒழுங்கையில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பதற்கு ஏதோ செய்யலாம்.

ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியது

"தங்கச்சி வீட்டை வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் போகேல்லை. மழை நேரம் அவள் எடுத்தால் நான் தூக்கிறதில்லை. ஸ்ராஃப் ரூமில ஆரும் வெள்ளத்தைப் பற்றிக் கதைச்சால் எழும்பி வெளியில போயிடுவன்."

ரீச்சர், முழுக் கடிதத்திலும் எனக்குக் கவலை தந்தது இந்த மூன்று வரிதான். செய்தியை விட்டதால் உங்கள் நாளில் இடம் கூடியிருந்தால், அதாவது நித்திரை, சமையல், கோயில், பிள்ளைகளோடு சிரிப்பு இவையெல்லாம் கூடியிருந்தால், அது நல்ல ஓய்வு. செய்தியில் தொடங்கிய தவிர்ப்பு ஆட்களுக்கும் இடங்களுக்கும் பரவுகிறது என்றால் அது வேறு. தவிர்க்கத் தவிர்க்கப் பயம் ஆறாது. முதலில் வீடியோ, பிறகு வெள்ளம் என்ற பேச்சு, பிறகு மழை நேரத்தில் தங்கையின் குரல் என்று அது கேட்டுக்கொண்டே போகும். கடும் அனர்த்தங்களுக்குப் பிறகு பலருக்கு இப்படி வருவதுண்டு. அநேகமானோருக்குக் காலத்தோடு குறையும். ஒரு மாதத்துக்கு மேலாகியும் குறையாமல் பரவினால் ஒருவரோடு கதைக்க வேண்டும். இதை மன வருத்தம் என்று நான் இங்கே பெயர் வைக்கமாட்டேன். நேரில் பார்க்காமல் கடிதத்தை வைத்துப் பெயர் சூட்டுவது என் தொழிலுக்கு அழகில்லை.

ஆகவே நான் கேட்பது, செய்திக்குத் திரும்புங்கள் என்று இல்லை. தங்கையிடம் போங்கள். மழையில்லாத ஒரு சனிக்கிழமை பாருங்கள். கிண்ணியாப் பாலத்தால் பஸ்ஸில் போய், அவள் வீட்டுச் சுவரில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று அவளே காட்டட்டும். அந்த இரண்டு நாளும் என்ன செய்தாள், என்ன சாப்பிட்டாள், பிள்ளைகளை எப்படிப் பாடசாலைக்குக் கொண்டுபோனாள் என்று அவள் வாயால் கேளுங்கள். உங்கள் தலைக்குள் ஓடுவது ஆரோ எடுத்த வீடியோக்கள். அவளிடம் இருப்பது தொடக்கமும் முடிவும் உள்ள கதை, முடிவில் அவள் உயிரோடு நின்று உங்களுக்குச் சோறு போடுகிறாள். மழை நேர அழைப்பையும் படிப்படியாகத் தூக்கப் பழகுங்கள். முதலில் தூறல் நேரத்தில், கணவர் பக்கத்தில் இருக்கும்போது, இரண்டு நிமிடம்.

இதை நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, போகவே முடியாது என்று தோன்றினால் தனியாக முயலவேண்டாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், காசு கேட்கமாட்டார்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். போக வெட்கமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே எடுக்கலாம். ஆசிரியை ஒருவர் அங்கே போனால் ஊர் கதைக்குமே என்று யோசிப்பீர்கள். ஊர் வேறு எதையோ கதைத்துக்கொண்டிருக்கும். நீங்கள்தான் குழுக்களில் இல்லையே, உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

பின்குறிப்பில், டிசம்பரில் பக்கத்து வீட்டவர் தந்த நித்திரைக் குளிசை பாதி மிச்சம் இருக்கிறது, மாரி தொடங்கினால் அதை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்க வேண்டாம். அது இன்னொருவருக்கு எழுதியது, உங்களுக்கு பிரஷர் மருந்தும் ஓடுகிறது. கிளினிக் போகும்போது அந்த அட்டையையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். நித்திரை திரும்பவும் குழம்பினால் என்ன செய்வது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.